அதேதான் சொன்னால் வீடு நகரும்

ஆலந்தேரிக்காரர்கள் மணல் நடப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆடிக்காற்று பிடித்தால் நேற்று ஊருக்கு மேற்கே நின்ற செம்மணல் மேடு இன்று தெற்கே போய்க் குந்தியிருக்கும், பனைமரம் இடுப்பளவு புதைந்து நிற்கும், ஆடு கட்டிய முளையைக் கையால் துழாவித் தேட வேண்டியிருக்கும். ஆகையால் அந்த ஊரில் வீடுகள் நடக்கத் தொடங்கியபோது யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. மணலுக்கு மேலே இருப்பது மணலைப் போலத்தானே இருக்கும் என்றார்கள்.

முதலில் நடந்தது செல்லச்சாமி அண்ணாச்சியின் வீடு. சைக்கிள் கடையும் வீடும் ஒன்றாயிருந்த அந்தக் கட்டடம், வாசலில் செங்கொடியும் காற்றடிக்கும் பம்பும் ஆணியில் தொங்கிய பழைய டயர்களும் அப்படியே இருக்க, ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த ஒரு மத்தியானத்தில் பஸ் நிறுத்தத்தை விட்டுக் கிளம்பி, கோயில் தெருவில் டியூஷன் எடுக்கும் ஆவுடையப்பன் சாரின் வீட்டுச் சுவரோடு தோள் உரசி நின்றுகொண்டது. அடுப்படியில் மிச்சமிருந்த ரசம்கூடத் தளும்பவில்லை. ஆவுடையப்பன் சார் தூக்கம் கலைந்து, நெற்றியில் காலையில் இட்ட திருநீறு பாதி அழிந்திருக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்து பார்த்தார்.

"என்னவே, கொடியோட வந்து நிக்கீரு?"

"நானா வந்தேன்? வீடு வந்திருக்கு."

"வந்ததுதான் வந்தீரு, என் முருங்கையை மறைக்காம நின்னுருக்கலாம்."

"நெலம் ஒருத்தனுக்கும் சொந்தமில்லன்னு நேத்துதான வே சொன்னேன். முருங்கைக்கு மட்டும் பட்டா இருக்கோ?"

இவர்கள் இருவரும் முந்தின நாள் வரை அரங்கத்தில் மோதிக்கொண்டிருந்தார்கள். அரங்கம் என்றால் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியதல்ல, கைப்பேசிக்குள் இருந்த விவாதக் குழு. ஊரில் இருப்பவர்களும், மஸ்கட்டிலும் மும்பையிலும் பிழைக்கப் போனவர்களும், கட்சியும் கடவுளும் சாதியும் சொத்தும் என்று அங்கே கூடித்தான் அடித்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் அது சாக்கடையாக ஓடியது. எவன் எவனுக்குக் கைக்கூலி, எவன் பாட்டன் எவன் பண்ணையில் கைகட்டி நின்றான் என்பதற்கு மேல் ஒரு பேச்சும் எழும்பியதில்லை. முந்தைய பொறுப்பாளர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் விலகி, கைப்பேசி எண்ணையும் மாற்றிக்கொண்டு போய்விட, நடுவராக யாரைப் போடலாம் என்று பேசியபோது ஜெசிந்தாவின் பெயர் வந்தது. கான்வெண்டில் படித்த காலத்தில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அலமாரி நிறைய வாங்கி வைத்திருந்தாள் என்பது ஒரு காரணம். அவள் எந்தக் கட்சி, எந்தப் பக்கம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

ஜெசிந்தா பயந்த சுபாவம். குக்கர் விசில் அடித்தாலும் மார்பில் சிலுவை வரைந்துகொள்வாள். கணவன் கில்பர்ட் சரக்குக் கப்பலில் சமையல்காரன், வருடத்தில் பெரும்பகுதி தண்ணீரில். வீட்டில் அவளும், இன்னும் பல் முளைக்காத அமலாவும்தான். ஊரின் கிழக்குக் கடைசியில், மணலுக்கும் கழிமுகத்துக்கும் இடையில் இருந்த அந்த வீட்டின் முன்கதவுக்கு ஒரே ஒரு தாழ்ப்பாள். ஆண்கள் கோபமாக எழுதும் வாக்கியங்கள் கைப்பேசியிலிருந்து இறங்கி வந்து தொட்டிலருகே நிற்பதுபோல அவளுக்குத் தோன்றும். ஆனால் வாதம் என்று வந்துவிட்டால் அதே பெண்ணுக்குள் இன்னொருத்தி எழுந்து உட்காருவாள், அவளுக்கு விசில் சத்தமெல்லாம் காதில் விழாது. அந்த இன்னொருத்திதான் பொறுப்பேற்றதும் அரங்கத்தில் ஒரே ஒரு சட்டத்தைப் போட்டாள். "ஒருவரை மறுக்கும் முன் அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். அவர் 'அதேதான்' என்று எழுதிய பிறகே உங்கள் மறுப்பு இங்கே நிற்கும். அதுவரை நீக்கப்படும்."

"இது அரங்கமா, சர்ச் ஞானோபதேச வகுப்பா?" என்று எழுதினார்கள். "புள்ளைக்குச் சோறூட்டுற மாதிரி எதிரிக்கு நான் ஊட்டி விடணுமோ?" என்றார்கள். எழுதியவர்களுக்கெல்லாம் சட்டத்தை மறுபடி ஒட்டினாள். சில நாள் அரங்கம் இழவு வீட்டுத் தெருவைப் போல அமைதியாகக் கிடந்தது. அப்புறம், சண்டை போடாமல் இருக்க முடியாத செல்லச்சாமி அண்ணாச்சிக்குத்தான் முதலில் பொறுமை போனது. நிலம் யாருக்கு என்ற வாதத்தில் ஆவுடையப்பன் சாரை மறுத்தே ஆக வேண்டும் என்ற வெறியில், பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார்: "ஒருத்தனோட பாட்டன் வெட்டின கிணத்துல அந்தப் பாட்டனோட வேர்வை கெடக்கு. தண்ணிய ஊருக்குக் குடு, அந்த வேர்வையப் பேரன்கிட்ட இருந்து பிடுங்காதன்னு சார் சொல்லுதாரு."

ஆவுடையப்பன் சார் அதைப் படித்துவிட்டு, டியூஷன் பிள்ளைகளைச் சீக்கிரமே அனுப்பிவிட்டு, மறுபடியும் படித்தார். பிறகு எழுதினார்: "அதேதான். நான்கூட இவ்வளவு நல்லாச் சொல்லல வே."

மறுநாள் மத்தியானம்தான் செங்கொடி போட்ட வீடு அவர் சுவரோடு வந்து நின்றது.

ஊர் கணக்கைப் பிடிக்க வெகு நாள் ஆகவில்லை. எதிராளி வாயால் அதேதான் வாங்கியவன் யாரோ, அவன் வீடு எதிராளியை நோக்கிக் கிளம்பும். திட்டினால் ஒரு செங்கல்கூட அசையாது. கூட்டுச் சேர்ந்து பொய்ச்சண்டை போட்டாலும் அசையாது. ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க ஆசைப்பட்ட மச்சான்மார் இருவர், பாயசத்துக்கு வெல்லமா சீனியா என்று மும்முரமாக வாதாடி ஒருவருக்கொருவர் அதேதான் வழங்கிக்கொண்டார்கள், வீடுகளோ எருமை மாதிரி இருந்த இடத்திலேயே கிடந்தன. ஆனால் தெரேசம்மாள் என்ற பெண், மகளைப் பார்க்க வரவே கூடாதென்று தடுத்த மருமகனோடு, பெண்பிள்ளைக்குச் சொத்தில் பங்குண்டா என்று அரங்கத்தில் நெஞ்செரிய வாதாடி, அவன் பக்கத்தை அவனே வெட்கப்படும் அளவுக்கு நியாயமாக எடுத்துச் சொல்லி அதேதான் வாங்கி, கோழிக்கூடு சகிதம் தன் வீட்டோடு போய் மகள் வாசலுக்கு எதிரே இறங்கினாள். மஸ்கட்டில் இருந்தவன் பூட்டிப் போட்டிருந்த வீடு, அவன் அங்கே வெயிலில் கம்பி கட்டிக்கொண்டே வாதாடியதில், அவனுடைய பரம எதிரியின் கொல்லையில் வந்து நின்றது. எதிரிதான் அதன் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றினான், பூத்ததும் படம் எடுத்து அனுப்பினான், கூடவே வாதத்துக்குப் பதிலும் அனுப்பினான்.

தபால்காரர் விலாசத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "அவரு இப்ப யாரோட மல்லுக்கட்டுதாரு?" என்று விசாரித்தே கடிதம் கொடுத்தார். மின்சார வாரியத்து ஆள் ஒவ்வொரு கம்பத்திலும் வயரைச் சுருள் சுருளாக உபரியாக விட்டுவைத்தார். கிராம நிர்வாக அலுவலர் சங்கிலி போட்டு ஒரு தெருவை அளந்து, சாப்பிட்டு, சற்றே கண் அசந்து, திரும்பி வந்து பார்த்தால் அளந்த வீடு அங்கே இல்லை. நீண்ட விடுப்பில் போனார். பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்கும் முன்பு யாரிடமெல்லாம் அதேதான் வாங்கியிருக்கிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள். சந்தைக்குப் போனால் வெளியூர்க்காரர்களிடம் ஆலந்தேரிக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள்: "எங்கூர்ல எதிர்க்கட்சிக்காரன்தான் அண்டை வீட்டுக்காரன். எங்க நடுவர் எந்தப் பக்கம்னு உளவுத்துறையே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது."

இதைக் கேள்விப்படும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்கு உள்ளுக்குள் கோப்பை வாங்கின நாள் போல இருக்கும். காலையில் அமலாவை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் முதுகைத் தட்டியபடி மறு கையால் அரைகுறை வாதங்களைத் திருப்பி அனுப்புவாள். "ஐயா, அவர் கடவுளே இல்லை என்று சொல்லவில்லை. பூசாரி வேண்டாம் என்றுதான் சொன்னார். மறுபடி வாசியுங்கள்." ஒரு ஊரே தன் ஒரு விரலுக்குக் கட்டுப்பட்டு நல்ல வார்த்தை பேசுகிறது என்று நினைத்தால் அவள் நடை சற்று மாறும், குடத்தை இடுப்பில் வைக்கும் விதம்கூட மாறும்.

ஆனால் நடுவர் யாரையும் மறுப்பதில்லை. மறுக்காதவளுக்கு அதேதான் கிடையாது. அதேதான் இல்லாத வீடு நகராது. வாதாடிய வீடுகளெல்லாம் ஒன்றையொன்று தேடி ஊரின் நடுப்பக்கமாகப் போய்க் குவிய, கிழக்குத் தெரு பொக்கைவாயாகி, கடைசியில் ஒருநாள் அவள் வாசலைத் திறந்தபோது அக்கம்பக்கம் என்று ஒன்றுமே இல்லை. செம்மணல்தான் இருந்தது. செம்மணலுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தொலைவில், இன்னொரு வீடு மட்டும் நின்றது.

அது முத்துமாலையின் வீடு.

முத்துமாலை மீன் லாரி ஓட்டுகிறவன். அரங்கத்திலிருந்து ஜெசிந்தா நீக்கிய ஒரே ஆள். நிலம் யாருக்கு என்ற வாதம் சூடாக இருந்த நாளில் நடுவே புகுந்து, எல்லாரையும் அவரவர் தாயை இழுத்துத் திட்டினான். சட்டத்தை நினைவூட்டினாள். "அவனுவ சொன்னத நான் எதுக்குச் சொல்லணும்?" என்றான். மறுபடி நினைவூட்டினாள். அப்போது எழுதினான்: "ஓவரா ஆடாத. உன் வீட்டுக் கதவு எம்புட்டு உறுதின்னு ஒரு நாள் வந்து பாக்கேன்." அந்த நிமிடமே அவனை நீக்கினாள். அதிலிருந்து லாரிச் சத்தம் தூரத்தில் கேட்டாலே பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆடி பிறந்தது. மறைக்க வீடுகள் இல்லாத வெளியில் காற்று தலைதெறிக்க ஓடி வந்து, கொண்டுவந்த மணலையெல்லாம் கண்ணில் பட்ட முதல் சுவரில் கொட்டிவிட்டுப் போனது. அந்தச் சுவர் ஜெசிந்தாவின் சுவராக இருந்தது. முதலில் துளசிமாடம் போல ஒரு குவியல், பிறகு சன்னல் படிவரை, பிறகு பின்கதவைத் திறக்க முடியாத அளவுக்கு. காலையில் முறத்தால் அள்ளி வீசியதைச் சாயங்காலம் காற்று அப்படியே திருப்பிக் கொடுத்தது. சோற்றில் மணல், தொட்டில் துணியில் மணல், பிள்ளையின் இமையில் மணல்.

கப்பலிலிருந்து கில்பர்ட் பேசினான். "ஏட்டி, எதுக்குக் கெடந்து சாவுற? நடுவரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எவங்கூடயாவது ஒரு சண்டையப் போட்டு ஊருக்குள்ள போய்ச் சேரு."

"உங்க கப்பல்ல கேப்டன் பயணிகள் கூடச் சண்டை போடுவாரா?"

"எங்க கப்பல்ல பயணியே கெடையாது. கோதுமைதான்."

சிரித்தாள். வைத்தபின் அழுதாள்.

அடுத்து செல்லச்சாமி அண்ணாச்சியும் ஆவுடையப்பன் சாரும் ஒரே பைக்கில் வந்தார்கள். மணலில் வண்டி சிக்கிக்கொள்ள, இறங்கி யார் தள்ளுவது என்று வாதாடி, கடைசியில் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சன்னல் படியில் ஏறியிருந்த மணலைப் பார்த்ததும் அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது.

"மக்கா, ஊரே உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. ஒரு கருத்த மட்டும் சொல்லு. எம்பக்கம் வேண்டாம், இவரு பக்கமே வேணும்னாலும் சொல்லிக்கோ."

"என்ன பெருந்தன்மை," என்றார் சார். "அம்மா, நான் சொல்லுதேன் கேளு. சாமி உண்டுன்னு சொல்லு. இவரு மறுப்பாரு. நீ இவருட்ட அதேதான் வாங்கு. நாளைக்கே எங்க தெருவுக்கு வந்துரலாம்."

"சார், நான் உங்க பக்கம் பேசிட்டா, அடுத்த தடவை உங்களுக்கும் அண்ணாச்சிக்கும் வழக்கு வரும்போது அண்ணாச்சி என்னை நம்புவாங்களா?"

அண்ணாச்சி யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கொஞ்சம் கஷ்டந்தான்," என்றார்.

"நம்பாத நடுவரோட வீடு உங்க தெருவுல நின்னு என்ன பிரயோஜனம்?"

"அப்ப புள்ளயோட மண்ணுக்குள்ள போவப் போறியா?"

ஆவுடையப்பன் சார் வாசல் வழியே தொலைவில் நின்ற அந்த ஒற்றை வீட்டைப் பார்த்தார். அதன் சுவரிலும் மணல் ஏறியிருந்தது. "அவனும் போவப் போறான்," என்றார். "அவனுக்குன்னு அழ ஆள் இல்ல."

அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பிறகு ஜெசிந்தா வெகு நேரம் அமலாவின் இமைகளைத் துணி நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொய்ச்சண்டைக்கு வீடு நகராது. நிஜமாக, அடிவயிற்றிலிருந்து, இந்த உலகத்தில் யாரோடாவது தனக்குச் சண்டை இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இருந்தது. ஒரே ஒருவனோடு இருந்தது. அந்த ஒருவன் வீட்டுப்பக்கம்தான் அவள் சன்னலையே திறப்பதில்லை.

மறுநாள் காலை அரங்கத்தில் நடுவரின் அறிவிப்பு வந்தது. முத்துமாலை மீண்டும் சேர்க்கப்படுகிறார். அவரை நீக்கியது நியாயமா என்பதே வாதம். வாதாடப் போவது ஜெசிந்தாவும் முத்துமாலையும். அவளே ஒரு தரப்பாகிவிட்டதால் இந்த ஒரு வழக்குக்கு மட்டும் செல்லச்சாமியும் ஆவுடையப்பனும் சேர்ந்து நடுவர். சட்டம் அதே சட்டம்.

ஊர் டீக்கடையில் கிளாஸை வைத்துவிட்டுக் கைப்பேசியைக் கையில் எடுத்தது. இரண்டு நடுவர்களும் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். "ஒழுங்கா நடத்தும்வே, புள்ள மானம் நம்ம கையில இருக்கு," என்றார் ஒருவர். "அத நீரு எனக்குச் சொல்லணுமோ?" என்றார் மற்றவர்.

முத்துமாலை உடனே எழுதினான்: "வா நடுவரம்மா. மண்ணு கழுத்துக்கு வந்ததும் என் ஞாபகம் வந்துட்டோ?"

அவள் அவனை மறுக்க வேண்டுமானால் முதலில் அவன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். சொன்னாள். அவர் ஏதோ ஆத்திரத்தில் எழுதிவிட்டார், மனதில் கெட்ட எண்ணம் இல்லை, ஆத்திரத்தில் எழுதியதற்கு நீக்கியது அதிகம் என்கிறார்.

"இல்ல," என்று எழுதினான். "கெட்ட எண்ணத்தோடதான் எழுதுனேன்."

மறுபடி சொன்னாள். அவர் அதிகம் படிக்காதவர், நாகரிகமாக வாதாடத் தெரியாதவரை இந்தச் சட்டம் ஒதுக்குகிறது என்கிறார்.

"நான் உன்கிட்ட வந்து படிப்பில்லன்னு அழுதனா? இல்ல. அடுத்து சொல்லு."

அலமாரி நிறையக் கோப்பை வைத்திருப்பவள் இரண்டு தடவை தோற்றதை யாரும் பார்த்ததில்லை. ஜெசிந்தா மூன்றாவதாக ஒன்றை எழுதி, அனுப்பும் முன் நிறுத்தினாள். இத்தனை பேருக்கு மறுபடி வாசியுங்கள் என்று சொன்னவள், இந்த மனிதன் எழுதியதை ஒரு தடவைகூட மறுபடி வாசிக்கவில்லை. வாசித்தவுடனே நீக்கியதில் வாசிக்க ஒன்றும் மிஞ்சவும் இல்லை. எழுதியதை அழித்துவிட்டு இப்படி எழுதினாள்:

"நான் எதை விட்டுவிட்டேன்? நீங்களே சொல்லுங்கள்."

காற்று மட்டும் ஓட்டின் மேல் மணலைத் தூவிக்கொண்டிருந்தது. பிறகு பதில் வரத் தொடங்கியது, துண்டு துண்டாக, எழுத்துப் பிழையோடு, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே லாரி இரண்டு நடை போய்வரும் இடைவெளி விட்டு. ஜெசிந்தா ஒவ்வொரு வரியையும் மறுபடி வாசித்தாள். அமலாவுக்குப் பால் கொடுத்து, தூங்கவைத்து, வந்து மறுபடியும் வாசித்தாள். பிறகு அவன் வாயாகவே எழுதினாள்:

"என் அப்பாவின் உப்பளத்தை ரோட்டுக்கு எடுத்துக்கொண்டபோது ஒருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துத்தான் கேட்டார்கள். அப்புறம் இந்த அரங்கத்தில் எல்லாரும் நிலத்தைப் பற்றி அழகழகாகப் பேசினார்கள். பாட்டன் கிணறு என்றார்கள், பொதுவுடைமை என்றார்கள். நிலம் போனவன் இங்கேயே இருக்கிறானே என்று ஒருவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் கத்தினேன். கத்தினவனை நடுவரம்மா வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவள் கதவை நான் உடைப்பேன் என்றது ஊருக்கே கேட்டது. என் மூஞ்சியில் சாத்திய கதவு ஒருத்தருக்கும் கேட்கவில்லை."

டீக்கடையில் செல்லச்சாமி அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டன் கிணறு என்று எழுதியது அவர் கைதான்.

வந்தது பதில். ஒரே வார்த்தை.

"அதேதான்."

அந்த வார்த்தையைப் பார்த்ததும் ஜெசிந்தாவுக்குக் கோப்பை வாங்கின சந்தோசம் வந்தது. அது அடங்குவதற்குள் வீடு நகரும் கணக்கு நினைவுக்கு வந்தது. அதேதான் வாங்கியவள் அவள். நகரப் போவது அவள் வீடு. ஊர் நடுவுக்கு அல்ல, அவன் வாசலுக்கு. கதவை உடைப்பேன் என்றவனிடத்தில் கதவைத் தானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறது இந்த வீடு. கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம், வீடு மட்டும் போகட்டும். பையைக்கூட எடுத்து வைத்தாள். பிறகு, ஒரு ஊரையே எதிரி வீட்டு வாசலுக்கு அனுப்பிவைத்தவள் தன் முறை வந்ததும் பஸ் ஏறினாள் என்று சந்தையில் சொல்வார்களே என்று தோன்றியது. சந்தையில் சொல்லாவிட்டாலும் அமலா ஒரு நாள் கேட்பாளே என்று தோன்றியது. பையைப் பிரித்துத் துணிகளை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அடுத்த மத்தியானம் தாழ்ப்பாளைப் போட்டு, செபமாலையைக் கையில் எடுத்து, பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்தாள். தூங்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வீட்டுக்குள் இருப்பவர்கள் கண் அசராமல் வீடு நகராது போலும், தூக்கம் வந்து அவளைத் தட்டிக் கொடுத்தது. பாதித் தூக்கத்தில், காற்றில்லாமலே தொட்டில் ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்து நிமிர்ந்ததும், பின்கதவை அழுத்திக்கொண்டிருந்த மணல் பெருமூச்சு விட்டதுபோல் சரிந்ததும் கேட்டது.

விழித்தபோது அடுப்படிச் சன்னலுக்கு வெளியே லாரி நின்றது. அதன் பக்கத்தில் முத்துமாலை நின்றான், நினைத்ததைவிடக் குள்ளமாக, கையில் மண்வெட்டியோடு. அவள் சன்னலை மூடவில்லை. அவனும் கிட்டே வரவில்லை. அவள் பார்க்க, மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, கைப்பேசியை எடுத்து, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டே அரங்கத்தில் எழுதத் தொடங்கினான். இப்போது மறுப்பது அவன் முறை. அதற்கு முன் அவள் பக்கத்தை அவன் சொல்ல வேண்டும்.

"புருசன் கப்பல்ல. வீட்ல பச்சப்புள்ள. கதவுக்கு ஒத்தத் தாழ்ப்பாள். நான் எழுதுனத வாசிச்சதுல இருந்து என் லாரிச் சத்தம் கேட்டாப் போதும், அவ வீட்டு லைட்டு அணையும். நான் பாத்துருக்கேன். எனக்கு அது சந்தோசமாத்தான் இருந்துச்சு. உன் கோவம் நியாயமா இருக்கட்டும், அது புள்ள தூங்குற வாசல்ல வந்து நின்னா அப்புறம் அதுக்குப் பேரு நியாயமில்லன்னு அவ சொல்லுதா."

ஜெசிந்தா லாரிச் சத்தத்தைப் பற்றியோ விளக்கைப் பற்றியோ யாரிடமும் சொன்னதே இல்லை. ஒரு முறை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். அமலா அவள் தாலிச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"அதேதான்," என்று எழுதினாள். கீழே இதையும் எழுதினாள்: "நீக்கியது சரி. கேட்காமல் நீக்கியது தவறு. இதுதான் என் பக்கம். மறுப்பவர்கள் மறுக்கலாம்."

அன்றைக்கு அரங்கம் கொதித்ததுபோல் அதற்கு முன்பும் கொதித்ததில்லை, பின்பும் கொதித்ததில்லை. நடுவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததுமே ஊரில் பாதிப்பேருக்கு அதில் கோளாறு தெரிந்தது. அவனைத் திரும்பச் சேர்த்ததே பிசகு என்றார்கள் சிலர். கேட்டுவிட்டு நீக்குவதாவது, நெருப்பிடம் கேட்டுவிட்டா தண்ணீர் ஊற்றுவது என்றார்கள் சிலர். நீக்கியதே தவறு என்று மஸ்கட்காரன் கம்பிக்கட்டுக்கு நடுவே எழுதினான். தெரேசம்மாள் இரண்டு பக்கத்தையும் திட்டினாள். ஆனால் சட்டம் அதே சட்டம். ஜெசிந்தாவை மறுக்க வேண்டுமானால் ஜெசிந்தா சொன்னதை முதலில் சொல்ல வேண்டும், அவளிடம் அதேதான் வாங்க வேண்டும். அவள் லேசில் கொடுக்கிறவளா? பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். "அண்ணாச்சி, 'கேட்காமல்' என்ற வார்த்தையை விட்டுவிட்டீர்கள். மறுபடி." "சார், நான் மன்னித்துவிட்டேன் என்று எங்கே சொன்னேன்? மறுபடி." தட்டுத் தடுமாறி, திருத்தித் திருத்தி, அவள் பயந்ததையும் அவள் நிமிர்ந்ததையும் ஊர் தன் வாயால் சொல்லக் கற்றுக்கொண்டது. சொன்னவர்களுக்கெல்லாம் அதேதான் கிடைத்தது.

அடுத்த மத்தியானம் கிழக்கு மணல் முழுக்க ஒரு சத்தம் கேட்டது, பெரிய தேர் ஒன்று வடம் இல்லாமல் தானாக வருவதுபோல. முன்னால் முத்துமாலையின் வீடு வந்தது, வந்து அவள் வீட்டுக்கு மேற்கே, காற்று வரும் பக்கம் பார்த்துத் தோள் கொடுத்து நின்றது. பின்னால் செங்கொடி போட்ட சைக்கிள் கடை வந்தது. ஆவுடையப்பன் சாரின் வீடு முருங்கையைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு வந்தது. கோழிக்கூடு வந்தது, பூட்டுத் தொங்கும் மஸ்கட் வீடு செம்பருத்தியோடு வந்தது, டீக்கடை பாய்லரில் ஆவி பறக்க வந்தது. ஊர் விழித்துப் பார்த்தபோது ஆலந்தேரி முழுவதும் கிழக்குக் கடைசியில், ஜெசிந்தாவின் வீட்டை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தது. ஆடிக்காற்று வந்து அத்தனை சுவர்களையும் பார்த்துவிட்டு, மணலைத் தூக்கிக்கொண்டு வேறு வழியாகப் போனது.

கில்பர்ட் கூப்பிட்டான். "ஊருக்குள்ள போய்ச் சேந்துட்டியாட்டி?"

"இல்ல," என்றாள். "ஊரு வந்து சேந்துட்டு."

வெளியே, விட்டுவந்த முருங்கையைக் கேட்டு ஆவுடையப்பன் சார் போடும் சண்டைக்குச் செல்லச்சாமி அண்ணாச்சி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா முன்கதவின் தாழ்ப்பாளை விலக்கி, கதவை விரியத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமலிருக்க அம்மிக்குழவியை அண்டக்கொடுத்தாள். அமலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனபோது, சன்னலுக்கு எதிர்ச்சன்னலில் முத்துமாலை டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆனா ஒண்ணு நடுவரம்மா," என்றான். "நீ நேத்து எழுதுனதுல ஒரு எடம் எனக்கு ஒத்து வரல."

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு. "அதுக்கு முன்ன, நான் என்ன எழுதினேன்னு சொல்லுங்க."